லான் சேனியின் படங்கள் டிஸ்க்கில்: எதை வாங்கலாம், எதில் ஏமாறலாம்

ஹாலிவுட்டின் மௌனப் பட நடிகர் லான் சேனியின் படங்களை வாங்கப் போகிறவர் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்வது நல்லது. அவர் முகத்தில் பூசிக்கொண்டதைப் பார்க்க வேண்டுமா, அந்தப் பூச்சுக்கு அடியில் முகம் செய்வதைப் பார்க்க வேண்டுமா? மேக்கப் மட்டும் போதும் என்றால் டிஸ்க்கே தேவையில்லை, நாலு ஸ்டில் போட்டோ போதும். நடிப்பு வேண்டும் என்றால், எந்தப் பிரதி, எந்த வேகம், எந்த நிறுவனத்தின் வெளியீடு என்பதெல்லாம் முக்கியமாகிவிடுகிறது. இங்கே ஒவ்வொரு டிஸ்க்கையும் அந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறது.

காரணம் எளிது. மௌனப் பட நடிகருக்குக் குரல் கிடையாது. தாடைத் தசை, இமை, விரல், தோள் இவைதான் வசனம். பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி என்று எடுக்க எடுக்க, கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவில் உள்ள சாம்பல் நிறங்கள்தான் முதலில் காணாமல் போகும். முகம் ஒரு வெள்ளைத் திட்டு, கண்கள் இரண்டு கறுப்புப் பொட்டு என்று ஆகிவிடும். சேனியின் நடிப்பு முழுக்க அந்தச் சாம்பல் நிறங்களில் இருக்கிறது. காது கேளாத, வாய் பேசாத பெற்றோருக்கு 1883-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்து, வீட்டிலேயே சைகையில் பேசி வளர்ந்தவர். அவர் சொல்வது பாதி சமயம் புருவத்துக்கும் கன்னத்துக்கும் இடையில் நடந்து முடிந்துவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். சுமார் 150 படங்களில் நடித்தவரின் படங்களில் பாதிக்கும் மேல் இன்று இல்லை. யுனிவர்சல் நிறுவனம் தன்னிடம் மிச்சமிருந்த மௌனப் படங்களை 1948-இல் தானே அழித்தது. எம்ஜிஎம் ஸ்டுடியோவின் கிடங்கில் 1965-இல் தீப்பிடித்தபோது ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ போனது. ஆகவே சந்தையில் இருப்பது சேனியின் முழுக் கணக்கு அல்ல, தப்பிப் பிழைத்தது மட்டும்தான்.

முதலில் வாங்க வேண்டியது ‘தி அன்னோன்’, 1927. டிஸ்க் வெளியிடும் நிறுவனமான கிரைட்டீரியன் 2023-இல் இயக்குநர் டாட் பிரௌனிங்கின் மூன்று படங்களை ஒரு ப்ளூ-ரே தொகுப்பாக வெளியிட்டது. அதில் சேனி நடித்தது இந்த ஒன்று மட்டும். மற்ற இரண்டான ‘ஃப்ரீக்ஸ்’, ‘தி மிஸ்டிக்’ இரண்டிலும் அவர் இல்லை. சேனிக்காக வாங்குகிறவர் இதைத் தெரிந்தே வாங்கட்டும். தெரிந்தும் வாங்கலாம் என்பதே நம் தீர்ப்பு.

இதன் பழைய பிரதி சுமார் 49 நிமிடம்தான் ஓடும். ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த பிரதியோடு, பிராகில் உள்ள செக் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பிரதியிலிருந்து விடுபட்ட காட்சிகளை எடுத்துச் சேர்த்தது. டிஸ்க்கில் இப்போது சுமார் 66 நிமிடம். புதிதாக வந்தவை பெரிய திருப்பங்கள் இல்லை. நடந்து வருவது, திரும்பிப் பார்ப்பது, ஒரு முடிவை எடுக்கும் முன் தயங்குவது போன்ற சின்னச் சின்ன இடைவெளிகள். ஆனால் சேனிக்கு வேண்டியது அதுதான். பழைய வடிவத்தில் அலோன்சோ சட்டென்று ஒரு வெறியனாகத் தெரிவான். இதில் அவன் எப்படிப் படிப்படியாக அங்கே வந்து சேர்கிறான் என்பது புரிகிறது. இரண்டு மூலங்களும் ஒரே தரத்தில் இல்லை என்பதால் சில இடங்களில் ஒளியும் கூர்மையும் ஷாட்டுக்கு ஷாட் மாறும். அதை டிஸ்க்கின் குறையாகக் கொள்ள வேண்டாம்.

கதை தெரியாதவர்களுக்கு: அலோன்சோ கையில்லாதவன் போல சர்க்கஸில் கால்களால் கத்தி வீசுகிறவன். உண்மையில் அவனுக்கு இரண்டு கைகளும் உண்டு, இறுக்கிக் கட்டி மறைத்திருக்கிறான். ஜோன் கிராஃபோர்ட் நடிக்கும் நேனனுக்கு ஆண்களின் கைகள் மேலே பட்டாலே ஆகாது. ஒரு காட்சியில் கட்டை அவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கிறான். கைகள் சும்மா இருக்கின்றன. கால்தான் சிகரெட்டை எடுத்து வாயில் வைக்கிறது, பற்றவைக்கிறது. கூட இருக்கும் கோஹோ அதைப் பார்த்துச் சிரித்த பிறகுதான், தனக்குக் கை இருப்பதையே மறந்துவிட்டோம் என்று அவனுக்கு உறைக்கிறது. அந்த யோசனையிலேயே கைகளை வெட்டிவிடலாம் என்ற எண்ணமும் பிறந்துவிடுகிறது. ஒரு வார்த்தை டைட்டில் கார்டும் தேவைப்படாத இடம்.

அந்தக் கால்கள் பெரும்பாலும் சேனியுடையவை அல்ல. பிறவியிலேயே கையில்லாத பால் டெஸ்மியூக் என்ற சர்க்கஸ் கலைஞர் கேமராவுக்குத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கால்களைச் சேனியின் இடுப்பிலிருந்து வருவது போல நீட்டியிருக்கிறார். மேலே முகம் ஒருவருடையது, கீழே கால் வேறொருவருடையது. ஆனாலும் இரண்டும் ஒரே மனம் போல ஓடுவதைக் கவனிக்க வேண்டும். பழைய டிவிடியில் மேசை விளிம்பும் நிழலும் ஒன்றாகக் கலந்து இந்த வேலை சரியாகத் தெரியாது. ப்ளூ-ரேயில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

நேனன் வேறொருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்று தெரியவரும் காட்சிதான் டிஸ்க்கின் சோதனைக் களம். அவளுக்காகக் கைகளை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். சிரிப்பு வருகிறது, சிரிப்பு பெரிதாகிறது, அது எந்த நொடியில் அழுகையாக மாறியது என்று சொல்ல முடியாது. வாயோரத் தசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதில்தான் எல்லாம். உங்கள் டிவியில் கான்ட்ராஸ்ட் அதிகமாக வைத்திருந்தால் இந்த இடம் பறிபோகும். சேனியைப் பார்த்துத்தான் கேமரா முன்னால் நிற்பதற்கும் நடிப்பதற்கும் வித்தியாசம் தெரிந்தது என்று கிராஃபோர்ட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இந்த டிஸ்க்கைப் பார்த்தால் அது மரியாதைக்குச் சொன்ன பேச்சாகத் தோன்றாது. ஃபிலிப் கார்லியின் இசை காட்சியை முந்திக்கொண்டு ஓடாமல் கூடவே வருகிறது. டேவிட் ஸ்காலின் விளக்க ஒலித்தடத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ‘தி பெனால்ட்டி’, 1920. கினோ லார்பரின் ப்ளூ-ரே 2012-இல் வந்தது. கொடுத்த காசுக்கு மிக அதிகம் திரும்பக் கிடைப்பது இதில்தான். பிளிசார்ட் என்ற கொள்ளைக் கூட்டத் தலைவன். சிறுவயதில் ஒரு டாக்டரின் தவறால் இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலே வெட்டப்பட்டவன். சேனி கால்களைப் பின்பக்கமாக மடக்கி, தோல் வார்களால் தொடையோடு கட்டி, முழங்கால்களைத் தோல் குப்பிகளுக்குள் நுழைத்து நடந்தார். இரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால் ஒரே மூச்சில் அதிக நேரம் அப்படி இருக்க முடியாது. சட்டையும் கோட்டும் பெரிய அளவில் தைக்கப்பட்டிருக்கும், பின்னால் மடிந்த பாதம் தெரியாமல் இருக்க.

இதெல்லாம் எல்லோரும் சொல்வது. டிஸ்க்கில் பார்க்க வேண்டியது வேறு. சுவரில் அடித்த முளைகளைக் கையால் பிடித்துப் பிடித்து மேலேறி, பக்கத்து அறையில் தொப்பி தைக்கும் பெண்களை ஒரு துளை வழியாகப் பார்ப்பான். உடம்பின் முழு எடையும் தோளில் தொங்குகிறது. ஆனாலும் முகத்தில் சிரமம் இல்லை, திமிர் இருக்கிறது. பியானோ வாசிக்கும்போது பெடலை மிதிக்க ஒரு பெண் பியானோவுக்கு அடியில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பாள். அவளை அவன் குனிந்து பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. ஊனத்தை இரக்கத்துக்காகக் காட்டுகிற படம் இது இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். முடிவு மட்டும் சொதப்பல். மூளையில் ஒரு ஆபரேஷன் செய்தவுடன் வில்லன் நல்லவனாகிவிடுகிறான். 1920-லேயே யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

படம் வண்ணச் சாயம் ஏற்றிய பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது. காட்சிக்கேற்ப நிறம் மாறும். மாண்ட் ஆல்டோ குழுவின் இசை அக்காலத் தியேட்டர் இசைத் தாள்களிலிருந்து கோர்க்கப்பட்டது. கூடுதலாக உள்ளவை இன்னும் சுவாரசியம்: 1914-இல் வந்த ‘பை த சன்ஸ் ரேஸ்’ என்ற ஒற்றை ரீல் படம், 1919-இல் சேனியைத் தூக்கிவிட்ட ‘தி மிரக்கிள் மேன்’ படத்தில் மிஞ்சிய சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் முறுக்கிக்கொண்ட கைகால்களோடு தரையில் ஊர்ந்து வரும் போலி முடவன், மூட்டு மூட்டாக நிமிர்ந்து எழுகிறான். அதுவரை வாரச் சம்பளத்துக்கு யுனிவர்சலில் உழைத்தவருக்கு அந்த ஒரு காட்சி வாழ்க்கையையே மாற்றியது. குணச்சித்திர நடிகராக இருந்துகொண்டே போஸ்டரில் முதல் பெயராக வந்தவர்களின் பட்டியல் சின்னது. சேனியின் பெயர் அதில் ஏறியது இங்கிருந்துதான்.

‘தி பென்ட்டம் ஆஃப் தி ஆப்பெரா’வில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் 1925 என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் 1929-இல் திருத்திய வடிவம்.

நடந்தது இதுதான். ஒலி வந்ததும் யுனிவர்சல் தன் பழைய வெற்றிப் படத்தைப் பேசவைக்க நினைத்தது. படத்தில் நடித்த மேரி ஃபில்பினையும் நார்மன் கெரியையும் வைத்துச் சில காட்சிகளை வசனத்தோடு மறுபடி எடுத்தது. சேனி அதற்குள் எம்ஜிஎம் நடிகர், அவர் குரல் கிடையாது. பாடகி கார்லோட்டாவுக்குப் புதிய நடிகை வந்தார். பழைய காட்சிகளில் கார்லோட்டாவாக நடித்திருந்த வர்ஜீனியா பியர்சன், கார்லோட்டாவின் அம்மாவாக மாறிப் போனார்! இப்படி மறுபடி வெட்டிய படத்தின் மௌன வடிவம் ஒன்றுதான் ஈஸ்ட்மன் காப்பகத்தில் 35 மி.மீ. பிரதியாகக் கூர்மையாக இருக்கிறது. படம் தொடங்கியதும் லாந்தர் விளக்கோடு ஒரு ஆள் இருட்டில் வந்து வாயசைக்கிறானே, அவன் யார், என்ன சொல்கிறான் என்று தெரியவில்லையே என்று குழம்பியிருந்தால், நீங்கள் பார்த்தது 1929 வடிவம். 1925-இல் ரசிகர்கள் பார்த்தது 16 மி.மீ. வீட்டுப் புரொஜக்டர் பிரதிகளில் மட்டும் பிழைத்திருக்கிறது. கதை அதில் முழுசாக இருக்கும், படம் மங்கலாக இருக்கும்.

கினோவின் 2015 வெளியீடு இந்தச் சிக்கலுக்குச் சரியான வழியைப் பிடித்தது: இரண்டு வடிவங்களையும் கொடுத்துவிட்டது. 1929 வடிவம் இரண்டு வேகங்களில் இருக்கிறது. நொடிக்கு 24 ஃபிரேமில் சுமார் 78 நிமிடம், 20 ஃபிரேமில் சுமார் 92 நிமிடம். 1925 வடிவம் சாதாரணத் தரத்தில், கூடுதல் இணைப்பு போல.

எந்த வேகம்? இருபதுதான். 24-இல் கூட்டம் ஓடுவது விறுவிறுப்பாக இருக்கும், சேனி கெட்டுப்போவார். நாயகி கிறிஸ்டீனை அவர் விரல் நீட்டிச் சுட்டும் அந்தப் பிரபலமான கை மெதுவாக எழ வேண்டும். 24-இல் அது வெடுக்கென்று எழுகிறது. ஆனால் 20-இல் ஒரு சிறு தொந்தரவு உண்டு. ப்ளூ-ரே நொடிக்கு 24 ஃபிரேம்தான் தரும் என்பதால், ஒவ்வொரு ஐந்தாவது ஃபிரேமையும் இருமுறை காட்டிக் கணக்கைச் சரிக்கட்டுகிறார்கள். கேமரா பக்கவாட்டில் நகரும்போது மெல்லிய தடுக்கல் தெரியும். கண் பழகிவிடும்.

முகமூடி கழற்றும் காட்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆர்கன் வாசிக்கும் பென்ட்டம் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், கிறிஸ்டீன் முதுகுப்பக்கம். முகமூடி போனதும் அந்த முகத்தை அவளுக்கு முன்னால் நாம் பார்த்துவிடுகிறோம். பிறகு அவன் கேமராவை நோக்கி வரும்போது படம் ஃபோகஸிலிருந்து நழுவும். அது எடுக்கப்பட்டபோதே அப்படி. டிஸ்க் கெட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். கன்ன எலும்புகள் தூக்கலாகத் தெரிவதற்குக் கட்டியெழுப்பிய மேடு, மூக்குத் துளைகள் பெரிதாகத் தெரிய உள்ளே பூசிய கறுப்பு, இமையோரக் கறுப்பு எல்லாம் நல்ல பிரதியில் தனித்தனியாகத் தெரியும். ஆனாலும் பிணத்தலை என்ற எண்ணம் கலையாது. மேக்கப்பைப் பற்றி 1929 பதிப்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதக் கேட்கப்பட்டவர் இவர்தான் என்பதில் ஆச்சரியம் இல்லை.

முகமூடி நடனக் காட்சி ஆரம்பகால இரட்டை வண்ண டெக்னிகலரில் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் மட்டும், நீலம் கிடையாது. அந்த வண்ணத்தைத் திருகி ‘சரி’ செய்ய முயல வேண்டாம். இசையைப் பொறுத்தவரை அலாய் ஆர்கெஸ்ட்ராவின் தட்டுமுட்டுத் தாளம் சிலருக்குப் பிடிக்கும், கேலார்ட் கார்ட்டரின் ஆர்கன் பழைய தியேட்டர் வாடை வீசும். இசைதான் முக்கியம் என்பவர்கள் கார்ல் டேவிஸின் இசையோடு வந்த பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வெளியீட்டைத் தேடலாம். பின்னட்டையில் உள்ள ரீஜன் எழுத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அமெரிக்க டிஸ்க்குகள் பெரும்பாலும் ‘ஏ’, பிரிட்டிஷ் டிஸ்க்குகள் பெரும்பாலும் ‘பி’. பிளேயர் ஒத்துக்கொள்ளாவிட்டால் டிஸ்க் வெறும் தட்டு.

‘தி ஹன்ச்பேக் ஆஃப் நோத்ர் டாம்’, 1923. இதில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். 35 மி.மீ. மூலம் எங்கும் இல்லை. இருப்பதெல்லாம் 16 மி.மீ. பிரதிகள். 16 மி.மீ. ஃபிரேமின் பரப்பு 35 மி.மீ. ஃபிரேமில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே 2021-இல் கினோ வெளியிட்ட ப்ளூ-ரேயின் பெட்டியில் ‘4கே’ என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபிலிமில் இல்லாத விவரத்தை ஸ்கேனர் உண்டாக்காது. 4கே இங்கே செய்தது வேறு வேலை: ஆட்டம் நின்றிருக்கிறது, கீறல்கள் குறைந்திருக்கின்றன, ஒளி சீராகியிருக்கிறது. ஃபிளிக்கர் ஆலி 2014-இல் வெளியிட்ட ப்ளூ-ரேயும் 16 மி.மீ. பிரதிதான், சாயம் ஏற்றியது. அது கையில் இருந்தால் அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. அதில் 1915-இல் சேனி நடித்த ஒரு குறும்படமும் ரோபர்ட் இஸ்ரேல் நடத்திய ஆர்கெஸ்ட்ராவும் உண்டு. புதிதாக வாங்குகிறவர் கினோவுக்குப் போகலாம். சவுக்கடிக் காட்சியில் சக்கரத்தின்மேல் கட்டப்பட்ட கூன் முதுகுக்காரன் குவாசிமோடோவின் உடம்பு அதில் நிழலோடு கரையாமல் நிற்கிறது.

குவாசிமோடோ சேனியின் மிகப் பிரபலமான வேடம், ஆனால் மிகச் சிறந்த நடிப்பு என்று சொல்ல மாட்டோம். ஒரு கண்ணை மேடு கட்டி மூடியாகிவிட்டது, வாயில் போலிப் பற்கள், தலையில் பெரிய டோப்பா. முகத்தில் வேலை செய்ய மிச்சமிருப்பது நாக்கும் ஒரு கண்ணும்தான். முதுகுக் கூனல் 70 பவுண்டு ரப்பர் என்று காலங்காலமாக ஓடும் கதையை நம்ப வேண்டாம். சேனியைப் பற்றி ஆழமாக ஆராய்ந்த மைக்கேல் பிளேக், அது சுமார் 20 பவுண்டு எடையுள்ள பிளாஸ்டர் என்கிறார். அதுவே போதுமான தண்டனை. கோயில் முகப்பில் இறங்கி ஏறும் இடங்களில் உடம்பு பேசுகிறது. நெருக்கக் காட்சிகளில் முகம் பேச வழியில்லை.

எம்ஜிஎம் காலத்துச் சேனிக்கு 2003-இல் வந்த டிசிஎம் (டர்னர் கிளாசிக் மூவீஸ்) டிவிடி தொகுப்பை இன்னும் தள்ளிவிட முடியாது. இரண்டு டிஸ்க்குகள், மூன்று படங்கள். அதில் ‘தி அன்னோன்’ பழைய குறைந்த வடிவம், அதை மறந்துவிடலாம். ‘தி ஏஸ் ஆஃப் ஹார்ட்ஸ்’, 1921, ஒரு ரகசியக் கூட்டத்தின் கொலைத் திட்டத்தைப் பற்றியது. காதலித்தவளின் ஜன்னலுக்கு வெளியே மழையில் சேனி ராத்திரி முழுக்க நிற்கும் காட்சிக்காக ஒருமுறை பார்க்கலாம். ‘லாஃப், கிளௌன், லாஃப்’, 1928-தான் வாங்கவேண்டிய காரணம். ஒளிப்பதிவு ஜேம்ஸ் வாங் ஹோவ். கோமாளியின் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் வயசான மனிதன் தெரிய வேண்டும், ஆனால் பூச்சும் தெரிய வேண்டும். ஹோவின் விளக்குகள் இரண்டையும் காட்டுகின்றன. கூட நடிக்கும் லொரெட்டா யங் படப்பிடிப்பு தொடங்கியபோது 14 வயதுப் பெண். அந்த வயது வித்தியாசம் இன்று பார்க்கையில் உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும்.

‘தி பெனால்ட்டி’யையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். 1920-இல் இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, சிவந்த தோல் கறுத்துப் பதியும், நீலம் வெளுத்துப் போகும். ஆகவே அக்கால மேக்கப் எல்லாம் அந்தக் கண்ணுக்காகப் போட்டது. 1920-களின் கடைசியில் எல்லா நிறத்தையும் சரியாகப் பதியும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் வந்ததும், பழைய பூச்சு பூச்சாகவே தெரிய ஆரம்பித்தது. பலர் தடுமாறினார்கள். சேனி பூச்சைக் குறைத்துக்கொண்டு முகத்தை அதிகம் நம்ப ஆரம்பித்தார். இந்த மாற்றத்தை இரண்டு டிஸ்க்குகளிலும் கண்ணால் பார்க்க முடிகிறது.

அதே தொகுப்பில் ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’டை ஸ்டில்களை வைத்து ரிக் ஷ்மிட்லின் மறுஉருவாக்கம் செய்த சுமார் 45 நிமிடம் இருக்கிறது. இதற்காக மட்டும் யாரும் வாங்க வேண்டாம். அசையாத படத்தின் மீது கேமரா நகர்ந்து நகர்ந்து போவது கால் மணி நேரத்தில் அலுத்துவிடும். போதாக்குறைக்கு, சேனியின் வேடத்தில் பற்களும் உயரத் தொப்பியும் பிரமாதம், கதை சுமார் என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது. தொலைந்த படங்களின் புகழுக்குத் தொலைந்ததே பாதிக் காரணம். ஆனால் சேனியைப் பற்றி கெவின் பிரௌன்லோ 2000-இல் எடுத்த ஆவணப்படமும் இதே பெட்டியில் உண்டு. கென்னத் பிரானாவின் வர்ணனை. அது ஒன்றுக்கே விலை தகும்.

மேக்கப்பே இல்லாத சேனியைப் பார்க்க ‘டெல் இட் டு த மெரீன்ஸ்’, 1926. முரட்டு சார்ஜன்ட். கதை சாதாரணம், அந்தக் காலத்தில் வசூல் மட்டும் பிரமாதம். ஆயிரம் முகங்கொண்டவர் என்ற பட்டத்தை ஒதுக்கிவிட்டு அந்த ஒற்றை முகத்தை மட்டும் பார்க்க நல்ல வாய்ப்பு. இதுவும், ‘ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்ட்’, ‘வெஸ்ட் ஆஃப் ஜான்சிபார்’, ‘தி அன்ஹோலி த்ரீ’ போன்றவையும் வார்னர் ஆர்க்கைவ் வழியாக வந்தன. கேட்டால் அப்போதே பதிந்து தரும் டிவிடி-ஆர். சுத்திகரிப்பு பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது, ஆரம்பகால டிஸ்க்குகளில் பத்து நிமிடத்துக்கு ஒரு அத்தியாயம் என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருப்பார்கள், வசன வரிகள் கிடையாது.

வசன வரி இல்லாதது ‘தி அன்ஹோலி த்ரீ’யின் 1930 வடிவத்தில் உதைக்கும். சேனி பேசிய ஒரே படம் அது. மூன்று திருடர்களில் குள்ளராக வரும் ஹாரி ஏர்ல்ஸின் ஜெர்மன் சாய்வுள்ள ஆங்கிலம், அக்கால மைக்கில், பாதி புரியாது. சத்தத்தைக் கூட்டுவதால் பயனில்லை, இரைச்சலும் சேர்ந்து கூடும். டிவியில் பேச்சைத் தூக்கிக் காட்டும் அமைப்பு இருந்தால் போடுங்கள். சேனியின் குரல் அப்படியில்லை, கனமாக, தெளிவாக இருக்கும். பொம்மையைப் பேசவைக்கும் வித்தைக்காரன், கிழவி, பொம்மை, கிளி, ஒரு சின்னப் பெண் என்று ஐந்து குரல்களும் தன்னுடையவையே என்று சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். விளம்பர உத்திதான், ஆனால் உண்மை. கிழவி வேடத்தில் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது ஒரு நொடி ஆண் குரல் எட்டிப்பார்த்துவிடும். அந்தச் சறுக்கலை அவர் எவ்வளவு சின்னதாக வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். 1925-இல் எடுத்த மௌன வடிவத்தில் கிளி பேசுவதைப் படக்கதை பலூன் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. இரண்டும் கிடைத்தால் மௌன வடிவத்தை முதலில் பாருங்கள். நடிப்பு அதில்தான் கூர்மை. படம் வெளிவந்த சில வாரங்களில், 1930 ஆகஸ்ட் 26-இல், புற்றுநோயால் சேனி இறந்துவிட்டார்.

மலிவு டிஸ்க்குகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘ஹன்ச்பேக்’, ‘பென்ட்டம்’ இரண்டும் பொது உடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் போட்டு விற்கலாம். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது: பின்னட்டையில் எந்தக் காப்பகத்தின் பிரதி என்று இருக்காது, இசையமைப்பாளர் பெயர் இருக்காது, ஓடும் நேரம் இருக்காது அல்லது சந்தேகமாக இருக்கும். உள்ளே காட்சிக்குச் சம்பந்தமில்லாத சிம்ஃபனி ஒன்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். சிலவற்றில் அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள். பென்ட்டத்தின் நெற்றியும் மோவாயும் போனபின் அந்த மேக்கப்பில் என்ன இருக்கிறது? இந்தப் படங்கள் எல்லாம் 1.33-க்கு 1 விகிதம். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால்தான் சரி. இல்லையென்றால் டிவி இழுத்துக் காட்டுகிறது.

டிவியில் மாற்ற வேண்டியவை சிலவே. அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பை முதலில் அணைக்க வேண்டும். இல்லையென்றால் அது 20 ஃபிரேம் படத்தில் இல்லாத ஃபிரேம்களை ஊகித்துச் செருகும், சேனியின் விரல்கள் விளிம்பில் உருகுவது போலத் தெரியும். கூர்மை அமைப்பைக் குறைத்துவிடுங்கள், 16 மி.மீ. படத்தில் அது துகளைத்தான் கூர்மையாக்கும். இரைச்சல் நீக்கியையும் அணையுங்கள். அது ஃபிலிம் துகளை அழிக்கும்போது மேக்கப்பின் விளிம்புகளையும் சேர்த்து மெழுகிவிடும்.

டிவிடி-ஆர் வாங்கினால் அடிப்பக்கம் ஊதா நிறமாக இருக்கும். சில பழைய பிளேயர்கள் அதைப் படிக்கத் தயங்கும், கணினியில் ஓடினாலும் டிவியில் ஓடாமல் போகலாம். கடையில் அச்சடித்த வார்னர் டிவிடிகளும் முழுக்க நம்பகமானவை அல்ல. 2006 முதல் 2008 வரை தயாரான சில டிவிடிகளில் பிரச்சினை இருப்பதாக அந்த நிறுவனமே 2025-இல் ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் தட்டின் கடைசிப் பகுதியில்தான் படம் முதலில் உறைந்து நிற்கும், அதாவது படத்தின் முடிவில். ஆகவே எந்த டிஸ்க் வந்தாலும் முதல் பத்து நிமிடத்தைப் பார்த்துத் திருப்தியடைந்து அலமாரியில் வைக்காமல், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் கடைசி அத்தியாயம் வரை முழுக்க ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.